ஒரு சாண் புடவை

அந்தப் பேசின் உங்கள் காலில் இடிக்கிறதா அக்கா? சொல்லியிருக்கக் கூடாதா? சிதம்பரத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் காலை மடக்கிக்கொண்டே வருகிறீர்களே. இருங்கள், என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். மேலே வைக்கலாம் என்றால் கண்டக்டர் விடமாட்டேன் என்கிறார். யார் தலையிலாவது விழுந்துவிடுமாம். பிளாஸ்டிக் பேசின் விழுந்து யாருக்கு மண்டை உடைந்திருக்கிறது?

இல்லை இல்லை, விற்கக் கொண்டுபோகவில்லை. என்னைப் பார்த்தால் பாத்திரக்காரி மாதிரியா இருக்கிறது? இது ஆராய்ச்சிச் சாமான். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். இந்த நீலப் பேசின், உள்ளே ஒரு மக்கு, சோப்பு டப்பா, மடித்து வைத்த பருத்தித் துண்டுகள். இவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம். இன்றைக்கு அறையைக் காலி செய்துவிட்டு வருகிறேன். இதையும் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை.

நீங்கள் விழுப்புரம்தானே? டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. நானும் அங்கேதான் இறங்குகிறேன். செஞ்சி பஸ் பிடிக்க வேண்டும். வழி நிறைய இருக்கிறது. ஒரு விஷயம் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் மழுப்புகிறார்கள்.

என் பெயர் வினோதினி. பொது சுகாதாரம் படித்திருக்கிறேன். டாக்டர் இல்லை, ஊசி போடமாட்டேன். ஓர் ஊரில் ஒரு நோய் ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது, எப்படி நிறுத்தலாம் என்று பார்க்கிற படிப்பு. அதிலும் நான் எடுத்துக்கொண்டது புறக்கணிக்கப்பட்ட நோய்கள். அப்படியே ஒரு பிரிவு இருக்கிறது அக்கா. வந்தவர்கள் உடனே செத்துப்போவதில்லை, ஆனால் வெளியே தலைகாட்ட முடியாது. பெரும்பாலும் ஏழைகளுக்கு வரும். அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. தொழுநோய், யானைக்கால், அந்த மாதிரி.

பார்த்தீர்களா, யானைக்கால் என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளாது அக்கா. கொசு கடிக்கிறபோது நூல் மாதிரி ஒரு புழு உடம்புக்குள் போகிறது. பல வருடம் சத்தமில்லாமல் இருக்கிறது. காலில் நீர் வடிந்து மேலே போகிற பாதையைக் கெடுத்துவிடுகிறது. கெட்ட பாதையைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் காலைக் காப்பாற்றலாம். அதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

எப்படியா? கழுவித்தான். சிரிப்பாக இருக்கிறதா? பேசினில் சாதாரணத் தண்ணீர் வைக்க வேண்டும், வெந்நீர் கூடாது. சோப்பைக் காலில் தேய்க்கக் கூடாது. கையில் குழைத்து நுரையாக்கி, முழங்காலிலிருந்து கீழே மெதுவாகத் தடவி வரவேண்டும். தோல் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவ வேண்டும். அப்புறம் விரலிடுக்கு. அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை விடக் கூடாது. பிறகு துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் விரலிடுக்கில் வெடிப்பு வரும். வெடிப்பு வழியாகக் கிருமி போகும். கிருமி போனால் குளிர் காய்ச்சல் வந்து நெறி கட்டும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். கழுவினால் காய்ச்சல் நிற்கும். காய்ச்சல் நின்றால் கால் அதற்கு மேல் போகாது. துடைத்தபின் தடவ ஒரு களிம்பு உண்டு.

என்ன களிம்பு என்றா? இருங்கள், அதைப் பிறகு சொல்கிறேன். கதை விட்டுப்போகும்.

புவனகிரி தாண்டினோம் இல்லையா, அதற்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன். நோயாளியின் ரகசியத்தைக் காப்பதுதான் எங்கள் படிப்பில் முதல் பாடம். அங்கே தனக்கோடி என்று ஓர் அம்மா. பெருமாள் கோயிலுக்குப் பின் தெருவில் கடைசி வீடு. பூ கட்டுகிறவர். புருஷன் இல்லை. கௌசல்யா என்று ஒரு பெண், சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை.

வலது கால். முழங்காலுக்குக் கீழே ஒரே பருமன், கணுக்கால் எங்கே என்று தேட வேண்டும். இது அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது என்றால் நம்புவீர்களா? அந்த அம்மா பூ கட்டக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். உட்கார்ந்த இடத்தில் வேலை. வியாபாரி உதிரிப்பூவை வீட்டிலேயே கொண்டுவந்து கொட்டுவான், கட்டினதை எடுத்துப் போவான். காலை மடக்கிப் புடவையைப் பரப்பி, அதன்மேல் பூவைக் குவித்துக்கொள்வார். யாராவது வந்தால் எழுந்திருப்பதே இல்லை. கேட்டால் மூட்டுவலி. அக்கம்பக்கத்தில் 'திமிரு புடிச்சவ, வந்தவங்களுக்கு எந்திரிக்கக்கூட மாட்டா' என்று பேர்.

என்னிடம் எப்படிக் காட்டினார்? ஊர் நர்ஸ் சொல்லித்தான் போனேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான் விடவில்லை. கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கீற்று மறைப்புக்குள் வைத்துக்கொள்வோம், ஓர் ஈ காக்கைக்குத் தெரியாது, நான் பொறுப்பு என்று சொன்னேன். அப்புறம்தான் புடவையைத் தூக்கினார். என்ன வாடை தெரியுமா? நான் முகம் சுளிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்து கழுவினேன். அந்த அம்மா அழுதுவிட்டார். "எங்க வூட்டுக்காரரே தொட்டது கெடையாது பாப்பா" என்றார்.

தினமும் போனேன் அக்கா. மாதக்கணக்கில். முதலில் வாடை போனது. அடுத்து வெடிப்பு ஆறியது. மழைக்காலம் வந்தால் தவறாமல் வருகிற காய்ச்சல் அந்த வருடம் வரவே இல்லை. அளவுப் பட்டை வைத்து அளந்தால் சுற்றளவுகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிளம்பும்போது தினமும் ஒரு முழம் மல்லி கொடுப்பார். நோயாளியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. வேண்டாம் என்றால் மனசு வருத்தப்படும். வாங்கிக்கொண்டு, வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் போட்டுவிடுவேன். விதி விதிதானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய்களுக்கென்றே வெளிநாட்டில் இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது. எல்லாச் செலவும் அவர்களுடையது. முடித்துவிட்டு வந்தால் எங்கே வேண்டுமானாலும் வேலை. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். கடைசிச் சுற்றில் நானும், சித்தார்த்தன் என்று ஒரு பையனும். அவன் கொசுவை ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்கிறவன். ஒரு நோயாளியின் காலைத் தொட்டதில்லை. அவனுக்கும் எனக்கும் போட்டி! தேர்வுக் குழுவின் தலைவி, தலை முழுக்க நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா, நேரில் வந்து எங்கள் வேலையைப் பார்ப்பதாக ஏற்பாடு. தேதி வந்தவுடன் எனக்கு மனசில் ஓடியது ஒரே கால்தான். தனக்கோடி கால்.

போய்ச் சொன்னேன். அந்த அம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"பாப்பா, அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழம கௌசிக்கு நிச்சயம் வச்சிருக்கோம். மாப்ள வூட்ல எனக்கு மூட்டுவலின்னுதான் தெரியும். அது முடியட்டும். அப்புறம் நீ யாரக் கூட்டியாந்தாலும் காட்டுறேன்" என்றார்.

வெள்ளைக்காரர்கள் விமான டிக்கெட் எடுத்தாயிற்று அக்கா. இவர் வீட்டு நிச்சயத்துக்காக அதை மாற்ற முடியுமா? நானும் பொறுமையாகச் சொன்னேன். அம்மா, இது பரம்பரை நோய் இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஒளித்து ஒளித்து வைத்துத்தான் இந்த நோய் இப்படி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். புரிந்துகொள்ளவில்லையா, நானே வந்து விளக்குகிறேன். உண்மையின் மேல் கட்டப்படாத சம்பந்தம் ஒரு சம்பந்தமா? அப்படியெல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா...

ஒரு நிமிஷம் அக்கா, போன். ஹலோ... சொல்லுங்க அத்தை. ஆமாங்க, கெளம்பிட்டேன், பஸ்லதான் இருக்கேன்... ஆமா, கண் ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சிருச்சுங்க அத்தை... இல்லைங்க, கண்ணுதான், கண்புரை ஆராய்ச்சி... ஐயோ, நோயாளியெல்லாம் தொடுற வேலை இல்லைங்க, கம்ப்யூட்டர்லதான்... சரிங்க அத்தை. வச்சிடறேன்.

எனக்குப் பார்த்திருக்கிற இடம். திண்டிவனம். மாப்பிள்ளையின் அம்மா. ரொம்பச் சுத்தம் பார்க்கிறவர்கள். யானைக்கால் கழுவுகிற கை என்று தெரிந்தால் அந்தக் கையால் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடிப்பார்களா? எதற்கு வம்பு? கல்யாணம் ஆனபிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது வேறு விஷயம் அக்கா. இது வேறு விஷயம்.

எங்கே விட்டேன்? ஆமாம். அந்த அம்மா கடைசியில் சரி என்றார். எனக்காகத்தான் சரி என்றார், இல்லை என்று சொல்லமாட்டேன். "நீ படிச்சி பெரிய ஆளா வரணும் பாப்பா. பின்னாடி கொல்லைல வச்சித்தானே? அவங்க மட்டுந்தானே?" என்று கேட்டார். அவர்கள் மட்டும்தான் என்றேன்.

அப்புறம் போய்ப் பார்த்தால் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. கொல்லையில் சாக்கடை ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்களை அங்கேயா உட்கார வைப்பது? அதனால் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினேன். பேனர் கட்டினேன். இந்தப் பேசினைப் பளபளவென்று தேய்த்து நடுவில் வைத்தேன். பக்கத்தில் ஒரு பலகையில் அந்தக் காலின் பழைய படம், பெரிதாகப் போட்டது. முகம் இல்லை, பெயர் இல்லை, கால் மட்டும். ரகசியம் என்றால் ரகசியம். கூடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது, மக்கள் பங்கேற்பு என்று ஒன்று பார்ப்பார்கள். ஊரில் ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டு வரச்சொல்லி நர்ஸிடம் சொன்னேன். கார் வந்தது, வெள்ளைக்காரி வந்தாள் என்றதும் கூப்பிடாதவர்களும் வந்துவிட்டார்கள்.

தனக்கோடி வாசலில் வந்து நின்றார். நல்ல சேலை, மஞ்சளில் பச்சைக் கரை, தரையைக் கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டியிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாங்க வாங்க என்று கையைக் காட்டினேன். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

உட்கார்ந்து, புடவையை முழங்கால் அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கி, காலைத் தண்ணீரில் வைத்தாள் அக்கா. இடது காலை.

நல்ல காலை! வலது கால் புடவைக்குள், நாற்காலிக்கு அடியில். சோப்பைக் கையில் குழைத்தாள். முழங்காலிலிருந்து கீழே வந்தாள். விரலிடுக்கு ஒவ்வொன்றாக. அலசினாள். துண்டால் ஒற்றினாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிழை இல்லை. எதற்கு? ஒன்றுமே இல்லாத காலுக்கு! பலகையில் இருக்கிற படத்தையும் பேசினில் இருக்கிற காலையும் சனங்கள் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "ஏம்மா, போட்டோல இருக்குறது யாரு காலு? யானையோட காலா?" என்கிறான். கூடமே சிரிக்கிறது. எங்கள் பேராசிரியர் என் காதருகில், "வினோதினி, இது எந்தக் கால்?" என்கிறார்.

நான் குனிந்து, அம்மா, அந்தக் கால், அந்தக் கால் என்றேன். அவள் உதடு அசையாமல் சொல்கிறாள்: "கழுவுறதத்தானே பாக்கணும் பாப்பா? எந்தக் காலா இருந்தா என்னா? உட்ரு."

வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டார். பேராசிரியர் தமிழில் கேட்டார்: "உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா அம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். கூட்டத்துக்கு எதிரில், கூசாமல்.

யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் அந்தக் காலைத் தொட்டுக் கழுவியவள் நான். என் அளவுகள், என் படங்கள், என் பயிற்சி, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிவிட்டது. நான் ஏமாற்றுக்காரி ஆகிவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்தேன்? உட்கார்ந்து, அந்தப் பக்கத்துப் புடவையைத் தூக்கினேன். ஒரு சாண். ஒரு சாண்தான் அக்கா. உண்மையைக் காட்ட அவ்வளவு போதும்.

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ "ஐயய்யோ" என்றார்கள். தனக்கோடி புடவையைப் பிடித்து இழுக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். கால் அப்படியே தெரிந்தபடி இருந்தது. எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தது தெரியுமா அக்கா? ஒரு வெடிப்பு இல்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தால் கைதட்டியிருப்பார்கள்.

அந்த வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்தார். அளவு எடுப்பார் என்று நினைத்தேன். பட்டையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்தப் புடவையைக் கீழே இறக்கிவிட்டார். கரையைத் தரையில் படும்படி இழுத்துச் சரிசெய்தார். பிறகு பேராசிரியரிடம் இங்கிலீஷில் ஒன்றே ஒன்று சொன்னார். இந்தப் பெண்மணிதான் முதலிலேயே பதில் சொல்லிவிட்டாரே என்றார். அவ்வளவுதான். காருக்குப் போய்விட்டார்.

பாருங்கள், பொய் சொன்னவள் பக்கம் பேசிவிட்டுப் போகிறார். நம் ஊர்ச் சனங்களின் சாமர்த்தியம் அவர்களுக்கு எங்கே தெரியும்? இடம் சித்தார்த்தனுக்குப் போய்விட்டது. கொசு எந்தக் காலை மாற்றி வைக்கப் போகிறது? பேராசிரியரிடம் காரணம் கேட்டேன். "உனக்கே தெரியும் வினோதினி" என்கிறார். எனக்குத் தெரியும்தான். தனக்கோடிதான் காரணம். அதை அவர் வாயால் சொல்லமாட்டேன் என்கிறார்.

நிச்சயதார்த்தமா? நின்றுபோய்விட்டதாம். மாப்பிள்ளைக்கு அத்தை முறையாகிற ஓர் அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? காலைக் காரணம் காட்டி நிறுத்துகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு அந்தப் பெண் என்ன சுகப்படப் போகிறாள்? ஒரு வகையில் நல்லதுதான். அந்தக் கௌசல்யா என்னைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரிப் போகிறாள். நான் அவள் அம்மாவின் காலைக் கழுவியவள்.

ஒரு விளக்கம் கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறது, பூ வாசனை வருகிறது, திறக்கவில்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப் போனேன். துவைக்கிற கல்மேல் இந்தப் பேசினைக் கவிழ்த்து வைத்திருந்தாள். தினமும் கழுவ நான் கொடுத்திருந்த பேசின்தான் இது. கூடத்துக்கும் இதைத்தான் கொண்டுபோனேன், அப்புறம் நர்ஸ் அவள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். மக்கு, சோப்பு டப்பா, துண்டெல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு போ என்பதுபோல. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிளம்புகிறபோது நர்ஸ் சொன்னார், தனக்கோடிக்கு மறுபடி குளிர் காய்ச்சலாம், நெறி கட்டியிருக்கிறதாம். வராமல் என்ன செய்யும்? கழுவாவிட்டால் வரும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள் அக்கா, தப்பு யார்மேல்?

என்ன? அந்தக் களிம்பின் பெயரா? நான் என்ன கேட்கிறேன், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்! விரலிடுக்கில் தடவுகிறதுதானே, படர்தாமரைக்குக் கொடுக்கிற களிம்புதான். யாருக்காகக் கேட்கிறீர்கள்? சொந்தக்காரர்களுக்கா?

ஏன் அக்கா, இந்த இடது கால் செருப்பின் வாரை அறுத்து விட்டிருக்கிறீர்களே. பேசின் பட்டதும் அந்தக் காலைத்தான் உள்ளே இழுத்தீர்கள். இதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும், பேச்சு மும்முரத்தில் விட்டுவிட்டேன். கூச்சப்படாதீர்கள், நான் எத்தனை கால் பார்த்தவள். கொஞ்சம் இப்படி நீட்டுங்கள். ஆரம்பம் என்றால் நல்லபடியாக நிறுத்திவிடலாம். யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தால்...

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இது பண்ருட்டி அக்கா, விழுப்புரம் இன்னும் வரவில்லை. அட, நான் ஒன்றும் செய்யவில்லையே, ஓரத்தைத்தானே பிடித்தேன்? பார்த்து, படியில் புடவை தடுக்கப் போகிறது. கண்டக்டர், இந்த அம்மா விழுப்புரத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள், இங்கேயே இறங்குகிறார்கள்! அக்கா! ஊதாப் புடவை அக்கா! ஒதுங்குப்பா பலாப்பழம், ஜன்னலை மறைக்காதே. அக்கா, யானைக்காலுக்கு வெந்நீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்! காலைத் தினமும் கழுவுங்கள்! இந்தப் பேசினை வேண்டுமானால்...

கேட்டாரே என்றுதான் சொன்னேன் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிறது, அவர் மட்டும் திரும்பவில்லை பாருங்கள்.